வகுப்பறையில் கோழிக்குஞ்சு: பிள்ளையின் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால்



ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் ஆலோசனை மேசைக்கு ஒரே மாதிரியான கடிதத்தோடு இரண்டு மூன்று தாய்மார் வருவார்கள். கடிதத்தின் மூலையில் மஞ்சள் நிறக் கோழிக்குஞ்சு ஒன்றின் படம் இருக்கும். கீழே கையெழுத்து வைத்து, வெட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டிய துண்டு ஒன்று இருக்கும். "தங்கச்சி, இது என்னத்துக்கு? காசு கட்ட வேணுமோ? ஹோம் ஒபிஸ் காகிதமோ?" என்று கேட்பார்கள்.

பயப்பட வேண்டாம். அது ஹோம் ஒபிஸ் காகிதம் அல்ல. உங்கள் பிள்ளையின் நேர்சரியில் அல்லது ரிசெப்ஷன் வகுப்பில் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கப் போகிறார்கள் என்ற அறிவித்தல்தான் அது.

போன முறை ஒரு அக்கா இதைக் கேட்டுவிட்டு, "கோழிக்குஞ்சு பாக்கவோ இவ்வளவு காசு குடுத்து, இவ்வளவு கடல் தாண்டி வந்தனாங்கள்?" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் பிறகு அவரே ஊரில் தன் அம்மா அடைவைத்த கதையை அரை மணித்தியாலம் சொன்னார். அப்போதுதான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தோம். இங்கே வந்த நாளிலிருந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு, அந்த வகுப்பில் உள்ள எல்லோரையும் விட அதிகம் தெரிந்த ஒரு விஷயம் இது. அதைப் பிள்ளைக்காகப் பயன்படுத்துங்கள்.

(இங்கே எழுதியிருக்கும் விதிமுறைகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்கள் தங்கள் பகுதி விதிகளைக் கேட்டு அறியுங்கள்.)

கடிதத்தில் கேட்பது என்ன?

முதலில் காசு. அரசாங்கப் பாடசாலையில் பாட நேரத்தில் நடக்கும் கல்விக்குக் கட்டாயக் கட்டணம் வாங்க முடியாது. சில கடிதங்களில் "வொலன்டரி கொன்ட்ரிபியூஷன்" என்று எழுதி ஒரு சிறு தொகை கேட்டிருப்பார்கள். விரும்பினால் கொடுக்கலாம் என்பதுதான் அதன் பொருள். கொடுக்காத பிள்ளையை ஒதுக்கி வைக்கக் கூடாது. கையில் காசு இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடுங்கள், அல்லது ரீச்சரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. முட்டை வரும் அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் மறித்து வைத்த ஒரு தாயை எங்களுக்குத் தெரியும். இரண்டு பவுணுக்காக. அப்படிச் செய்ய வேண்டாம்.

இன்னும் நேர்சரியில் சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும், பெற்றோரின் விசா நிலை எதுவாக இருந்தாலும், பாடசாலைத் தவணை நாட்களில் வாரத்துக்கு 15 மணித்தியாலம் இலவசம். பிள்ளைக்கு 3 வயது முடிந்த பிறகு வரும் தவணையிலிருந்து இது கிடைக்கும். ஹோம் ஒபிஸின் அகதி உதவிப்பணத்தில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை 2 வயதிலேயே சேரலாம்.

அடுத்தது ஒவ்வாமை. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, தொய்வு உள்ள பிள்ளை, எக்ஸிமா என்கிற தோல் கரப்பன் உள்ள பிள்ளை என்றால் கட்டாயம் எழுதுங்கள். இறகுத் தூசி சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கொண்டுவரும். எழுதினால் பிள்ளையை விலக்கிவிடுவார்கள் என்று மறைக்காதீர்கள். தூர நின்று பார்க்கிற மாதிரி ஒழுங்கு செய்வார்கள். சைவக் குடும்பத்தார் சிலர், "முட்டையைச் சமைச்சுக் குடுப்பினமோ" என்று கேட்டார்கள். இல்லை. இது பார்க்கிற வேலை மட்டும்தான்.

மூன்றாவது படம் எடுப்பது. இதை நன்றாகக் கவனியுங்கள். குஞ்சைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையைப் படம் எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டுவார்கள். சில பாடசாலைகள் தங்கள் இணையத்தளத்திலும் முகநூலிலும் போடுவார்கள். உங்களில் பலருக்கு ஊரில் உறவினர் இருக்கிறார்கள், தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இருக்கிற இடம் வெளியே தெரிய விருப்பமில்லை என்றால் இணையத்தில் போட அனுமதி இல்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் படமே வேண்டாம் என்று மொத்தமாக மறுத்துவிட வேண்டாம், பிள்ளைக்கு ஞாபகத்துக்கு ஒன்றுமே இருக்காது. "போட்டோ இன் கிளாஸ் ஓகே. நோ போட்டோ ஒன் இன்டர்நெட், பிளீஸ்" என்று சொல்லுங்கள், அல்லது யாரையாவது கொண்டு எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, இந்தக் கடிதத்துக்கும் உங்கள் அகதி வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பாடசாலைகள் பிள்ளைகளின் தேசியத்தையும் பிறந்த நாட்டையும் கணக்கெடுப்புக்காகக் கேட்ட ஒரு காலம் இருந்தது. அது 2016 இல் தொடங்கி 2018 இல் நிறுத்தப்பட்டது. கோழிக்குஞ்சுத் துண்டில் பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் கையெழுத்து, இவ்வளவும் போதும்.

வகுப்பில் நடப்பது

பெரும்பாலும் ஒரு பண்ணையிலிருந்து திங்கட்கிழமை முட்டைகளைக் கொண்டுவந்து தருவார்கள். கூடவே இன்கியுபேற்றர் என்கிற சின்னப் பெட்டி ஒன்று வரும். மின்சாரத்தில் வேலை செய்யும், மேலே உள்ளே தெரிகிற மூடி இருக்கும். அதுதான் தாய்க்கோழியின் வயிறு. உள்ளே சூடு ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ். எங்கள் உடம்புச் சூடு 37 பாகை என்று நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே அளவு. தாய் இல்லாமல் பொரிக்க வைப்பது புது வேலையும் அல்ல. எகிப்து நாட்டில் 2000 வருடங்களுக்கு முன்பே பெரிய சூளைகளுக்குள் முட்டைகளை அடுக்கிப் பொரிக்க வைத்தார்கள்.

குஞ்சு பொரிக்க 21 நாள் வேண்டும். பாடசாலைக்கு வருகிற முட்டைகள் பெரும்பாலும் பண்ணையிலேயே 18 நாள் போல அடையிருந்து வருபவை. அதனால்தான் திங்கள் வந்த முட்டை புதன், வியாழனில் பொரிக்கும். சில பாடசாலைகள் முழு 21 நாளும் தாங்களே வைத்திருப்பார்கள். அப்படியென்றால் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம் பார்க்கக் கிடைக்கும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். பிள்ளை வீட்டில் வந்து கேட்கும்போது உங்களுக்கு உதவும். அடைவைத்த இரண்டாம் மூன்றாம் நாளே குஞ்சின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரத்தில் இருட்டில் டோர்ச் வெளிச்சத்துக்கு மேல் முட்டையைப் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி இரத்தக் குழாய்கள் தெரியும். ஊரில் விளக்குக்கு முன்னால் கையைக் குவித்துப் பிடித்துப் பார்ப்போமே, அதேதான். வலை தெரியாமல் வெறும் வெளிச்சமாக இருந்தால் கூழ்முட்டை.

முட்டை ஓடு இறுக்கமாகத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. அதற்குள்ளால் காற்றுப் போய் வருகிறது. முட்டையின் அகலமான பக்கத்தில் ஒரு காற்றறை இருக்கும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஒரு பக்கம் பள்ளமாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள், அந்த இடம்தான். பொரிக்கிற நேரம் குஞ்சு முதலில் அந்தக் காற்றறையை அலகால் குத்தி, அங்கேதான் முதல் மூச்சை எடுக்கிறது. முட்டைக்குள் இருந்துகொண்டே கீச்சிடும். மூடியில் காதை வைத்தால் பிள்ளைகளுக்குக் கேட்கும். பிறகு மேல் அலகின் நுனியில் இருக்கிற சின்னக் கூர்ப்பல்லால் ஓட்டைக் குத்தும். அந்தப் பல் இதற்காக மட்டுமே வளர்வது, சில நாட்களில் உதிர்ந்துவிடும்.

முதல் வெடிப்பு வந்து குஞ்சு வெளியே வர அரை நாளும் எடுக்கும், ஒரு நாளும் எடுக்கும். இந்த இடத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் "உதவி செய்வோம், உடைச்சு விடுவோம்" என்று நிற்பார்கள். ரீச்சர் விடமாட்டார், அது சரிதான். ஓட்டுக்கு உள்ளே இருக்கிற மெல்லிய தோலில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் குஞ்சு இரத்தம் போய்ச் செத்துவிடும். கடைசி மூன்று நாளும் பெட்டி மூடியைத் திறப்பதும் இல்லை. திறந்தால் உள்ளே இருக்கிற ஈரப்பதம் போய்விடும், தோல் காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடிக்கும். காத்திருப்பதைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனால் 4 வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாடம்.

வெளியே வந்த குஞ்சு ஈரமாக, மெலிந்து, பார்க்க வடிவில்லாமல் இருக்கும். "குஞ்சு வருத்தமாக் கிடக்கு" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், காய்ந்த பிறகு பஞ்சு மாதிரி வரும் என்று சொல்லுங்கள். முதல் இரண்டு நாளுக்கு அதற்குத் தீனியும் தேவையில்லை. மஞ்சள் கரு முழுவதையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அதன் பிறகு சூட்டு விளக்குள்ள பெட்டிக்கு மாற்றுவார்கள். அங்கே முதல் வாரம் 32 இலிருந்து 35 பாகை வரை சூடு வேண்டும்.

ஊரில் நீங்கள் கண்டது

அடைக்கோழி கொக்கரித்துக்கொண்டு திரிகிறதை வைத்தே, அது அடைக்கு வந்துவிட்டது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள். கடகத்துக்குள் வைக்கோல் பரப்பி, 9 அல்லது 11 அல்லது 13 என்று ஒற்றைப்படையாக முட்டை வைத்து, இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஒரு இரும்புத் துண்டோ கரித்துண்டோ போட்டு வைத்த அம்மம்மாக்களின் பிள்ளைகள். தாய்க்கோழி ஒரு நாளைக்கு ஒரு தரம் மட்டும் இறங்கி, அவசரமாகத் தின்று, எச்சமிட்டு, ஓடிப் போய்த் திரும்ப ஏறும். அலகால் முட்டைகளை உருட்டி உருட்டிவிடும். இங்கே அந்த உருட்டுகிற வேலையை இயந்திரம் செய்கிறது, அல்லது ரீச்சர் ஒரு நாளைக்குப் பல தரம் கையால் செய்கிறார். உருட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிப் போகும்.

உங்கள் பிள்ளையின் ரீச்சர் இதை ஒருநாளும் கண்டிருக்க மாட்டார். உண்மையாகவே. நகரத்தில் பிறந்து வளர்ந்த பல ரீச்சர்மாருக்குத் தாய்க்கோழி எப்படி முட்டையை உருட்டும் என்று தெரியாது. அவருக்குத் தெரிந்தது பெட்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளது.

அதனால் ஒரு ஆலோசனை. ரீச்சரிடம் போய், "வீ கெப்ட் ஹென்ஸ் அட் ஹோம். கன் ஐ டெல் த சில்ட்ரன்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஓம் என்பார்கள். பத்து நிமிடம் வந்து, கோழி எப்படி இருக்கும், எப்படிக் குஞ்சுகளைச் செட்டைக்குள் வைத்திருக்கும், பருந்து வந்தால் எப்படிச் சத்தம் போடும் என்று கையால் காட்டினாலே போதும். இங்கிலிஷ் அதிகம் தேவையில்லை, கோழிச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். ஒரு நாள் பெற்றோராக வந்து கதை சொல்வது வேலை செய்வது ஆகாது. "எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, பிரச்சினை வருமோ" என்று யோசிக்க வேண்டாம்.

எங்களிடம் வருகிற குடும்பம் ஒன்றில் 4 வயதுப் பையன், நேர்சரியில் சேர்ந்து ஐந்து மாதமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டில் ஒரே கதை, அங்கே வாயைத் திறப்பதில்லை. முட்டை வெடித்த அன்றைக்கு மூடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு என்னவோ சொன்னானாம். ரீச்சருக்கு விளங்கவில்லை. கேட்ட சத்தத்தை அப்படியே ஒரு துண்டில் எழுதி வைத்து, பின்னேரம் வாசலில் தாயிடம் காட்டி, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். "வெளியாலை வருது" என்று எழுதியிருந்தது. தாய் எங்களிடம் சொல்லும்போது அந்தத் துண்டைப் பேர்சுக்குள் வைத்திருந்தார். அடுத்த நாள் பையன் திரும்பவும் மௌனம்தான். இங்கிலிஷ் வர இன்னும் பல மாதம் எடுத்தது. புது மொழிக்குள் வந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழமை, அது வருத்தம் அல்ல. ஆனால் அன்றிலிருந்து ரீச்சருக்கு அவனிடம் பேச்சு இருக்கிறது என்று தெரிந்தது.

வீட்டில் தமிழில் கதையுங்கோ

"நேர்சரிப் பாடம்தானே, இங்கிலிஷிலை கதைச்சால்தான் பழகும்" என்று நினைத்து, தெரிந்த அரைகுறை இங்கிலிஷில் பிள்ளையோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பிள்ளைக்குத் தமிழில் அடைகாத்தல், பொரித்தல், அலகு, இறகு, ஓடு, பேடு, சேவல் என்று தெரிந்திருந்தால், ரீச்சர் ஹாட்ச், பீக், ஃபெதர், ஷெல், ஹென் என்று சொல்லும்போது அந்தச் சொற்கள் போய் உட்கார ஒரு இடம் இருக்கும். தமிழில் தெரியாத ஒன்றை இங்கிலிஷில் படிப்பது இரட்டை வேலை. இந்த நாட்டுச் சின்னப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் "உலகத்தை விளங்கிக்கொள்ளுதல்" என்று ஒரு பகுதியே இருக்கிறது. கோழிக்குஞ்சு அதற்குள்தான் வருகிறது. பார்க்கிறது, கேள்வி கேட்கிறது, மாற்றத்தைக் கவனிக்கிறது, இவ்வளவும்தான் அதில் எதிர்பார்ப்பது. அதற்கு எந்த மொழியும் சரி.

ஹோட்டல் அறையில் இருந்தாலும் செய்யக்கூடிய இரண்டு காரியம் உண்டு. பழைய கடித உறையின் பின்பக்கத்தில் 21 பெட்டி கீறி, ஒவ்வொரு நாளும் பிள்ளையைக் கொண்டு ஒன்றை வெட்டச் சொல்லுங்கள். பாடசாலை முட்டை 18 நாள் அடையிருந்து வந்ததென்றால் முதல் 18 பெட்டியையும் நிறம் தீட்டிவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். 21 வரை எண்ணுவது 4 வயதுக்குப் பெரிய காரியம்.

இரண்டாவது, ஒரு முட்டையைப் பச்சையாக ஒரு கிளாசில் வைத்து, மூடுகிற அளவுக்கு வினாகிரி ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். குமிழ் குமிழாக வந்து ஓடு கரைந்து போய், மெல்லிய தோலோடு முட்டை ரப்பர்ப் பந்து மாதிரி நிற்கும். குஞ்சு கிழித்து வரவேண்டிய தோல் இதுதான் என்று காட்டலாம். உடைந்தால் அறை நாறும், கையைக் கழுவுங்கள், அந்த முட்டையைச் சாப்பிடக் கூடாது.

கடை முட்டையை விளக்குக்குக் கீழே வைத்துப் பொரிக்கச் செய்வோம் என்று பிள்ளை அடம் பிடிக்கும். கடையில் விற்பவை சேவல் இல்லாமல் வளர்க்கிற கோழிகளின் முட்டைகள். எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. முட்டை மட்டும் போதாது, சேவலும் வேண்டும் என்று சொல்லி முடியுங்கள். மேலதிகக் கேள்வி வந்தால் அது உங்கள் பாடு.

பொரிக்காத முட்டை

இதைச் சொல்லத்தான் வேண்டும். பத்து முட்டை வைத்தால் பத்தும் பொரிப்பதில்லை. ஒன்றிரண்டு அப்படியே கிடக்கும். சில நேரம் பொரித்த குஞ்சு அடுத்த நாள் செத்துக் கிடக்கும். மற்றப் பிள்ளைகள் "பாவம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போவார்கள். தகப்பனையோ அம்மம்மாவையோ இழந்து வந்த பிள்ளை, சத்தத்துக்கும் இருட்டுக்கும் பயந்து வந்த பிள்ளை, அப்படிப் போகாது. வீட்டில் வந்து பேசாமல் இருக்கலாம், படுக்கையை நனைக்கலாம், "அப்பாவும் உப்பிடியோ?" என்று கேட்கலாம்.

எங்கள் அனுபவத்தில் நல்லது, உண்மையைச் சின்னச் சொல்லில் சொல்வது. "குஞ்சு செத்துப் போச்சு. அதின்ரை உடம்பு வேலை செய்யேல்லை. இனி எழும்பாது. ஒருத்தரும் பிழை செய்யேல்லை." இவ்வளவும் போதும். "நித்திரை கொள்ளுது" என்று சொல்லாதீர்கள். பிறகு பிள்ளை நித்திரைக்குப் போகவே பயப்படும். "தூரப் போயிட்டுது" என்றும் சொல்லாதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தூரப் போனவர்கள் திரும்பி வருகிறவர்கள். போனில் கதைக்கிறவர்கள்.

நீங்கள் தொட்டதால் செத்தது என்று பிள்ளை நினைக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் நடந்த கெட்டது எல்லாம் தங்களால்தான் என்று நினைப்பார்கள், சொல்லமாட்டார்கள். கடிதம் வந்தவுடனேயே ரீச்சரிடம், "மை சைல்ட் லொஸ்ட் ஃபமிலி. இஃப் எ சிக் டைஸ், பிளீஸ் டெல் மீ ஃபெர்ஸ்ட்" என்று சொல்லி வைப்பது நல்லது. வாரக்கணக்கில் பயமும் நித்திரைக் குழப்பமும் நிற்காவிட்டால் ஹெல்த் விசிட்டரிடமோ ஜி.பி.யிடமோ சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டு எடுக்கலாம், காசில்லை.

கை கழுவுவது

கோழிக்குஞ்சு எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அதன் எச்சத்திலும் இறகிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும், 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கடுமையாக வரும். குஞ்சைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். முத்தம் கொடுக்கக் கூடாது, முகத்தோடு ஒட்டக் கூடாது, பக்கத்தில் வைத்துச் சாப்பிடக் கூடாது. நேர்சரியில் கழுவிவிடுவார்கள். இருந்தாலும் வீட்டுக்கு வந்தவுடன் இன்னொருக்கால் கழுவுங்கள்.

சில வருடங்களில் முட்டை வரும் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். பறவைக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம். 2021 ஒக்டோபரில் இந்த நாட்டில் தொடங்கிய பரவல் மிகப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகும் பல முறை கட்டுப்பாடுகள் வந்தன. மற்றப்படி பொதுமக்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. பிள்ளைக்கு வந்த தடிமனை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

குஞ்சுகள் எங்கே போகும்?

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பெரும்பாலும் பண்ணைக்காரர் வந்து திருப்பி எடுத்துப் போவார்கள். பாதிக்குப் பாதி சேவலாக இருக்கும். சில இனங்களில் பொரித்த அன்றே நிறத்தில் தெரியும், கபில நிறம் என்றால் பேடு, மஞ்சள் என்றால் சேவல். முட்டையிடாத சேவல்களை யாரும் அதிகம் விரும்புவதில்லை. மிருகங்களைப் பாதுகாக்கும் ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற பெரிய அமைப்பு, பாடசாலைகளில் குஞ்சு பொரிப்பதை ஊக்குவிப்பதில்லை. தாயில்லாமல் பிறப்பது, பிள்ளைகள் மாறி மாறித் தூக்குவது, பிறகு எங்கே போகின்றன என்று சரியாகத் தெரியாதது எல்லாம் அவர்களுடைய கவலை. எங்களுக்கும் அந்தக் கவலை நியாயமாகத்தான் படுகிறது. "வேர் டூ த சிக்ஸ் கோ ஆஃப்டர்?" என்று நீங்களும் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

சில பாடசாலைகள், "யாருக்காவது குஞ்சு வேண்டுமா" என்று பெற்றோரிடம் கேட்பார்கள். பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு அழும், ஊர்க்காரருக்குக் கை துறுதுறுக்கும். ஹோம் ஒபிஸ் தந்த வீட்டில் இருப்பவர்கள் ஓம் சொல்ல வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் மிருகம், பறவை வளர்க்க அனுமதி இல்லை. சொந்தமாக வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அதோடு 2024 ஒக்டோபர் 1 இலிருந்து இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசாங்கத்தில் பதிவு செய்வது கட்டாயம். இன்னொன்று, ஊரில் மிச்சச் சோற்றைத்தானே கோழிக்குப் போடுவோம். இங்கே வீட்டுச் சமையலறை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம். இதைக் கேட்டுத் தலையில் கை வைக்காத ஆட்களே இல்லை. பிள்ளையின் பையில் பிடி சோறு கட்டி அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

இடையில் இடம் மாற்றினால்

இது நடக்கிறது. முட்டை வைத்த மூன்றாம் நாள் ஹோம் ஒபிஸ் வேறு ஊருக்கு மாற்றுகிற கடிதம் வரும், அடுத்த நாள் காலை வான் வந்து நிற்கும். பிள்ளைக்கு விட்டுப் போகிற வீட்டை விட அந்த முட்டைதான் பெரிதாக இருக்கும். ரீச்சரைக் காண முடியாவிட்டால் பாடசாலை அலுவலகத்துக்குப் போன் எடுத்து, "வீ ஆர் மூவிங். பிளீஸ் சென்ட் எ போட்டோ ஒஃப் த சிக்ஸ்" என்று சொல்லி உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். அனுப்புவார்கள். புது ஊரில் நேர்சரிக்குப் போகும்போது அந்தப் படத்தைக் காட்டினால் புது ரீச்சருக்கும் பிள்ளையோடு கதைக்க ஒரு தொடக்கம் இருக்கும். பாடசாலையை விட்டுப் போகிறோம் என்று சொல்லாமல் போக வேண்டாம். பிள்ளையைக் காணவில்லை என்று அவர்கள் தேட வேண்டி வரும், புது இடத்தில் சேர்ப்பதும் சுணங்கும்.

கடிதம் விளங்காவிட்டால் வழமையான ஆலோசனை நாட்களில் எங்களிடம் கொண்டு வாருங்கள். முழுத் தாளையும் கொண்டு வாருங்கள். சிலர் கீழ்த் துண்டை மட்டும் வெட்டிக் கொண்டு வருகிறார்கள், திகதி மேல் பாதியில்தான் இருக்கும்.